மாம்பழ வாசனை வீசிய பென் டிரைவ்

பென் டிரைவில் வைரஸ் வரும் என்பது ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். பழ வாசனை வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காளவாசலில் மாடிக் கடை எங்களுடையது. என்னைப் போலவே கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அவதிப்படும் சக ஜீவன்களே, கேளுங்கள்.

நீல விளக்கு

ஒரு காலையில் ஓர் அம்மா மூச்சிரைக்க வந்தார். மகன் விக்னேஷ் கல்லூரிப் புராஜெக்ட்டை வீட்டிலேயே மறந்துவிட்டானாம். அவன் மேஜையில் கிடந்த பென் டிரைவை நீட்டினார். எங்கள் கடையில் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பித்தான் ஃபைலைத் திறப்போம். சொருகினேன். நீல விளக்கு எரிந்தது, மாம்பழ வாசனை வந்தது, ஃபைல் மட்டும் வரவில்லை. டீக்கடைச் சந்தில் பையன்கள் வாயில் வைத்து உறிஞ்சும் வேப், அதாவது மின் சிகரெட் அது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பெற்ற தாயிடம் எப்படிச் சொல்வது? பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கவே எனக்கு நாக்கு எழாது. என் கூட வேலை பார்க்கும் பாண்டி அண்ணன் விவரம் தெரியாமல் அதைச் சட்டையில் துடைத்துத் துடைத்துச் சொருகிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா நீல விளக்கைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சார்ஜ் ஏறுதுல்ல, ஏறட்டும்மா. முழுசா ஏறுனாத்தான் ஃபைல் வரும்போல."

இட்லிக் குண்டா

அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, "அவனையே வரச் சொல்றேன்" என்று அதை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் விக்னேஷ் வந்தான். திருநகர் மைதானத்தில் போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகுகிறவன். ஒரு மாடி ஏறியதற்கே இரைத்தது.

"அம்மாட்ட சொல்லிட்டீங்களாக்கா?"

"இல்ல. நீயே சொல்லு. அதுவரைக்கும் இது இங்கதான் கிடக்கும்" என்று, மறந்துவிட்டுப் போன பென் டிரைவ்கள் கிடக்கும் டப்பாவில் போட்டேன். எனக்கே ஆச்சரியம்.

"இது சிகரெட் இல்லக்கா, வெறும் ஆவி."

"ஆவின்னா ஏன் இம்புட்டு இரைக்குது? இந்த மூச்சை வச்சுக்கிட்டு செலக்‌ஷன்ல எப்படி ஓடுவ?"

அவன் முகம் சுருங்கியது. அப்போதுதான் விஷயம் புரிந்த பாண்டி அண்ணன் சொன்னார்: "மாப்ள, இட்லிக் குண்டாலயும் ஆவிதான் வருது. அதுல எவன்டா வாய வச்சு உறிஞ்சுறான்?"

ஸ்டாக் இருக்கா?

டப்பா விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. இரண்டு பையன்கள் வந்து, அக்கம்பக்கம் பார்த்து, "அக்கா, ஸ்ட்ராபெரி ஸ்டாக் இருக்கா?" என்றார்கள். எனக்குக் காது சிவந்துவிட்டது. பாண்டி அண்ணன் பேப்பர் கட்டைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "ஏ ஃபோர், ஏ த்ரீ. நம்மகிட்ட ரெண்டே ஃப்ளேவர்தான் தம்பி."

டப்பா திறந்தது

சில மாதம் விக்னேஷைக் காணவில்லை. பழைய பழக்கத்துக்கே போய்விட்டான், திருப்பரங்குன்றம் பக்கம் எவனிடமாவது புதிதாக வாங்கியிருப்பான் என்று நினைத்தேன். ஒருநாள் அம்மாவும் மகனும் வந்தார்கள். ஓட்டத்தில் தேறிவிட்டானாம், சான்றிதழ்களுக்கு நகல் வேண்டும். இந்த முறை அம்மாவுக்குத்தான் இரைத்தது, அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான். உண்மையான பென் டிரைவை என்னிடம் நீட்டினான்.

அம்மா நேராக டப்பாவைத் திறந்து, மாம்பழத்தைத் தேடி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாத்தையும் சொல்லிட்டான்மா. ஆனா இந்தக் கருமத்துக்கா அன்னைக்கு நான் உக்காந்து சார்ஜ் ஏத்துனேன்?"

இப்போதெல்லாம் எங்கள் கடையில் எந்தப் பென் டிரைவ் வந்தாலும் முதலில் மோந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் சொருகுகிறோம்.