ருசி பார்க்காமல் வைத்த பொங்கல்

எனக்கு வாசனை தெரியாது. ருசியும் தெரியாது. இதை எழுதுகிற இன்றைக்கும் தெரியாது. அப்படியிருந்தும் அம்மன் என் வேண்டுதலுக்குப் பதில் சொன்னாள் என்றுதான் எழுதப் போகிறேன். வாசிக்கிறவர்கள் குழம்ப வேண்டாம். கடைசி வரை என்னோடு வாருங்கள்.

என் பெயர் செல்வராணி. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். இப்போது கணவரோடு கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறேன். சனிக்கிழமைக் காலைகளில் கண்டியில் ஒரு சின்ன ஸ்டூடியோவிலிருந்து தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டுவது என் தொழில். நேரலை. வெட்டினால் வெட்டினதுதான், கருகினால் கருகினதுதான். ஏழு வருடமாகச் செய்கிறேன். பஸ்ஸில் யாராவது "டீவி அக்கா" என்று கூப்பிட்டால் அன்றைக்குப் பூராவும் எனக்குத் தலைகால் புரியாது. இந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். மறைத்து என்ன ஆகப் போகிறது?

போன வருடம் மாசி மாதம் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் எழும்பவில்லை. ஆறாம் நாள் காலையில் என் கணவர் லோகநாதன் தேத்தண்ணி கொண்டு வந்தார். ஒரு வாய் குடித்தேன். வெறும் சுடுதண்ணீர் மாதிரி இருந்தது.

"இஞ்சி போட மறந்துட்டீங்களா?"

"ரெண்டு துண்டு தட்டிப் போட்டேனே புள்ள."

எழும்பிக் குசினிக்குப் போனேன். பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகில் வைத்தேன். ஒன்றும் இல்லை. புளியை வாயில் போட்டேன். களிமண்ணை மெல்லுவது போல இருந்தது. மிளகாய்த்தூள் மட்டும் எரிந்தது. எரிச்சல் இருந்தது, ருசி இல்லை. அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. "வரலாம், வராமலும் போகலாம். பொறுத்துப் பாருங்க" என்றார். அழுதுகொண்டே பஸ் ஏறினேன்.

கொழும்பிலிருக்கும் என் நாத்தனார் தினமும் காலையில் குரல் பதிவு அனுப்புவாள். "அண்ணி, பொசிட்டிவ்வா யோசிங்க. ருசி வந்துருச்சின்னு நெனைங்க, தானா வந்துரும்." நானும் சொன்னபடி செய்தேன். 'எனக்கு எல்லாம் ருசிக்கிறது' என்று ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டினேன். இடியப்பத்தைச் சிரித்துக்கொண்டே மென்றேன். என் சிரிப்பைப் பார்த்து லோகநாதன் பயந்து போனார். எனக்கே அது பொய் என்று தெரியும். ஆனாலும் விடவில்லை.

ஸ்டூடியோவில் யாரிடமும் சொல்லவில்லை. காமராவுக்கு முன்னால் ருசி பார்ப்பது என்பது பாதி நடிப்பு. கரண்டியை வாயில் வைக்க வேண்டும், கண்ணை மூட வேண்டும், தலையை லேசாகச் சாய்க்க வேண்டும், "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். நாக்கு இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம். நான் செய்தேன். நான்கு சனிக்கிழமை யாருக்கும் தெரியவில்லை.

உப்பு, புளி பார்க்க வீட்டில் லோகநாதனை வைத்துக்கொண்டேன். இங்கேதான் நான் பெரிய தப்புச் செய்தேன். அவர் பிலிமத்தலாவையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார். ஆணி, பெயின்ட் விஷயத்தில் அவர் சொன்னால் சரியாக இருக்கும். சாப்பாட்டு விஷயத்தில் அவரை அப்படி நம்ப முடியாது. கல்யாணமான புதிதில் ஒருநாள், "ரசம் கொஞ்சம் தண்ணியா இருக்கு" என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடமாக அவர் வாயில் வந்தது ஒரே வார்த்தை: "ஜோர்." என் கணவர் என் சமையலைக் குறை சொன்னதே இல்லை என்று நான் டீவியிலேயே பெருமையடித்திருக்கிறேன். அப்படி ஒருவரிடம் போய் உப்புச் சரியா என்று கேட்டேன்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை பிஞ்சுப் பலாக்காய்க் கறி. அது வேகச் சில மணித்தியாலம் எடுக்கும். அதனால் காமராவுக்கு முன்னால் தாளிப்பதோடு நிறுத்திவிட்டு, வீட்டில் சமைத்துக் கொண்டுபோன சட்டியைத் தூக்கி மேசையில் வைப்போம். எல்லாச் சமையல் நிகழ்ச்சியிலும் நடப்பதுதான். அன்று விடியற்காலையில் உப்பைப் போட்டேன். போட்டது மறந்து மறுபடியும் போட்டேன். ருசி பார்த்தால்தானே ஞாபகம் வரும்! லோகநாதனுக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. "என்னாங்க?" என்றேன். "ஜோரா இருக்கு புள்ள" என்றார். உருக்கத்தில் வந்த கண்ணீர் என்று நினைத்தேன்.

அன்றைய விருந்தாளி ஒரு இளம் பாடகி. முதலில் நான் கரண்டியை வாயில் வைத்துக் கண்ணை மூடி, "ம்ம்ம், உப்பு, உறைப்பு எல்லாம் அளவா அமைஞ்சிருக்கு" என்றேன். பிறகு அந்தப் பிள்ளை ஒரு பெரிய துண்டை எடுத்து வாயில் போட்டது. விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் தவித்து, கடைசியில் கையிலிருந்த லேஞ்சித் துணியில் துப்பியது. எல்லாம் நேரலையில் போனது.

திங்கட்கிழமைக்குள் அந்தக் காட்சி எல்லார் கைத்தொலைபேசியிலும் வந்துவிட்டது. கண்டி பஸ்ஸில் இரண்டு பிள்ளைகள் என்னைப் பார்த்து "உப்பு அக்கா" என்று குசுகுசுத்தார்கள். தயாரிப்பாளர் சிவநேசன் யாழ்ப்பாணத்துத் தம்பி, மரியாதை தெரிந்தவர். அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"அக்கா, நீங்கள் ரெண்டு மாசம் ஓய்வெடுங்கோ. ருசி திரும்பி வந்தால் வாங்கோ. வராட்டி வேற ஆள்தான் பாக்கவேணும். குறை நினைக்காதேங்கோ."

அதற்குப் பிறகு எனக்கு இருந்ததெல்லாம் அந்த இரண்டு மாதம்தான்.

வீட்டுக்கு வந்து லோகநாதனைப் பார்த்துக் கத்தினேன். "கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு உப்பு! ஏன் சொல்லல?" அவர் தரையைப் பார்த்தபடி, "நீ மூணு நாள் பேசாம இருந்துருவ" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அன்றிலிருந்து அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. கடை ரொட்டியும் பருப்பும்தான். சாப்பிட்டால் எல்லாம் ஒன்றுதானே எனக்கு. கண்ணாடியிலிருந்த தாளைக் கிழித்து எறிந்தேன்.

சித்திரை பிறந்து முதல் வெள்ளிக்கிழமை கலஹா பஸ் ஏறித் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். நான் பொங்கல் வாங்கித் தின்று வளர்ந்த கோயில். கும்பிடப் போகவில்லை, சண்டை பிடிக்கத்தான் போனேன். "ஒரு சமையற்காரியின் நாக்கைப் பிடுங்கிக்கொண்டாயே, உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? திருப்பிக் கொடு. இல்லையென்றால் சமைக்கிற ஆசையையும் சேர்த்து எடுத்துக்கொள். இரண்டில் ஒன்றைச் செய்" என்று மனதுக்குள் கத்தினேன். கண்ணீர் ஓடியது. ஆளில்லாத நேரம், நல்லதாகப் போயிற்று.

அப்போது மடப்பள்ளியிலிருந்து, "யாரு அங்க? செல்வியா? சும்மா நிக்காம இங்க வா!" என்று ஒரு சத்தம்.

மல்லிகா. என்னோடு தோட்டத்துப் பள்ளியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள். கொழுந்தெடுக்கிறாள், வெள்ளிக்கிழமைகளில் அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறாள். மலையில் வழுக்கி விழுந்ததில் வலது கையில் மாக்கட்டு. இடது கையால் பொங்கலோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, அகப்பையப் பிடி. சக்கரையப் போட்டுக் கிண்டு."

"என்னால முடியாது மல்லிகா. எனக்கு ருசி தெரியாது. டீவியில பாக்கலியா? ஊரே சிரிக்குது."

அவள் என்னை ஒரு முறை முறைத்தாள். "தெரிஞ்சா மட்டும் என்னாடி? சாமிக்கு வைக்கிறதுல நாக்க வச்சிப் பாத்துருவியா? எச்சில் பண்ணி அம்மனுக்குப் படைப்பியா?"

நான் அகப்பையை வாங்கிக்கொண்டேன்.

சாமிக்குப் படைக்கிற பொங்கலை யாரும் ருசி பார்ப்பதில்லை. படைத்து முடியும் வரைக்கும் வாசம்கூடப் பிடிக்க மாட்டார்கள். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம் இது. ஆனால் அது எனக்கும் பொருந்தும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

"அப்ப எப்படிடி ஒவ்வொரு வெள்ளியும் சரியா வருது?" என்று கேட்டேன்.

"அளந்து போடுறேன். கண்ணால பாக்குறேன். கொதிக்கிற சத்தத்தக் கேக்குறேன். வேற என்னா? பொங்கல் பொங்கி வழியப் போவுது, கத பேசாமக் கிண்டு."

கிண்டினேன். படைத்தோம். பூசை முடிந்து பொங்கலை வாங்கிச் சாப்பிட்ட ஒரு தாய் இன்னொரு கை கேட்டு வாங்கினார். நாக்கைத் திருப்பிக் கொடு என்று கேட்டேன். அம்மன் அதைக் கொடுக்கவில்லை. நாக்கில்லாமல் சமைக்கிற இடத்துக்கு என்னைக் கூப்பிட்டு, கையில் அகப்பையைக் கொடுத்தாள். இதுதான் பதில் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அழுது முடித்துவிட்டு மல்லிகாவிடம் சொன்னேன்: "கை சரியாகுற வரைக்கும் நான் வர்றேன்."

அதற்குப் பிறகு ஒரு வெள்ளியும் தவறவிடவில்லை. எல்லாம் இலேசாக நடந்தது என்று நினைக்காதீர்கள். இரண்டாம் வெள்ளியே பொங்கல் அடிப்பிடித்தது. கருகின வாசம் எனக்கு எங்கே தெரியப் போகிறது? மல்லிகா வெளியே தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். ஓடி வந்து திட்டிய திட்டில் கோயில் மணியே அடங்கிப் போனது. அந்தப் பொங்கலைப் படைக்க முடியாமல், வாழைப்பழமும் தேங்காயும் வைத்துப் பூசையை முடித்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். பஸ் பேராதனைக்கு வந்ததும் யோசனையை மாற்றிக்கொண்டேன். எது இல்லை என்று எண்ணியது போதும், எது இருக்கிறது என்று பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். கண் இருக்கிறது. காது இருக்கிறது. பத்து விரல் இருக்கிறது. அம்மன் இருக்கிறாள். நாத்தனார் சொன்ன அந்தப் பொசிட்டிவ் யோசனை அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.

ஒரு சின்னத் தராசு வாங்கினேன். உப்பை நிறுத்து, போட்டவுடன் கொப்பியில் கோடு போட்டேன். அடிப்பிடிக்கப் போகிற சட்டியில் அகப்பை உரசுகிற சத்தம் மாறுவதைக் கேட்டுப் பழகினேன். வெங்காயத்தில் தண்ணீர் வற்றினால் சட்டியின் இரைச்சல் குறையும். தேங்காய்ப்பால் திரியப் போகும் முன் ஓரத்தில் சின்னக் குமிழ் வரும். இதெல்லாம் ஏழு வருடமாக என் கண் முன்னால் நடந்ததுதான். நாக்கை நம்பி நான் எதையும் கவனிக்கவில்லை.

லோகநாதனையும் திருத்தினேன். "பொய் சொன்னாத்தான் இனிப் பேச மாட்டேன்" என்றேன். மனுஷன் வாசல் பக்கமாக நின்றுகொண்டு, செருப்பையும் போட்டுக்கொண்டு, "புளி… கொஞ்சம் தூக்கலா இருக்கு புள்ள" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

வைகாசி கடைசியில் இரண்டு மாதம் முடிந்தது. சிவநேசனுக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, ருசி வரல. ஆனா நான் வர்றேன். உண்மையச் சொல்லிட்டுச் சமைக்கிறேன்."

"அக்கா, ருசி தெரியாத ஆள் சமைக்கிறதை ஆர் பாப்பினம்?"

"ஒரே ஒரு சனிக்கிழமை குடுங்க. பிறகு நானே போயிருறேன்."

பெருமூச்சு விட்டார். "சரி. ஒண்டு மட்டும். அதோட முடிவெடுப்பம்."

அந்தச் சனிக்கிழமைக்கு எந்த விருந்தாளியும் வர ஒப்புக்கொள்ளவில்லை. பாவம், அவர்கள்மேல் பிழையில்லை. இந்த முறை வீட்டிலிருந்து நான் எதையும் கொண்டுபோகவில்லை. கத்தரிக்காய்ப் பால்கறி, தொடக்கத்திலிருந்து முடிவு வரை எல்லார் கண் முன்னாலும். அடுப்பைப் பற்ற வைக்கும் முன் காமராவைப் பார்த்துச் சொன்னேன்: "எனக்கு ருசியும் வாசனையும் போய் நாலு மாதம் ஆகிறது. இதே இடத்தில் நின்று உங்களிடம் பொய் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நான் ருசி பார்க்க மாட்டேன்." அம்மா தாயே என்று உப்பை நிறுத்துப் போட்டேன். சட்டியின் சத்தத்தைக் கேட்டேன். நேரம் பார்த்து இறக்கினேன்.

யார் ருசி பார்ப்பது? வேறு ஆளில்லை. காமராக்காரர் சுனிலைக் கூப்பிட்டேன். அவர் சிங்களவர், தமிழ் அரைகுறை. பொய் சொல்லத் தெரிகிற அளவுக்கு நிச்சயமாகத் தெரியாது. காமராவை அப்படியே விட்டுவிட்டு வந்து சோற்றில் கறியை ஊற்றி ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். மறுபடி கறியை ஊற்றினார். உள்ளே இருந்து சிவநேசன், "சுனில், காமரா! காமரா!" என்று கத்துகிறார். சுனில் தலையை நிமிர்த்தவே இல்லை. வீடுகளில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வெறும் அடுப்பும், ஒரு மனிதன் சாப்பிடுகிற சத்தமும்தான் கிடைத்தது.

நிகழ்ச்சி முடிந்து சிவநேசன் வெளியே வந்தார். முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "வாற சனிக்கிழமை என்ன கறி அக்கா?" என்று கேட்டார். நான் கதிரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன்.

அதற்குப் பிறகு வந்த அழைப்புகளை நான் எதிர்பார்க்கவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு எதுவும் ருசிக்காமல், பிள்ளைகளுக்குச் சமைக்கப் பயந்து கிடந்த பெண்கள் எத்தனை பேர்! அவர்களுக்காக இப்போது ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் எடையையும் சத்தத்தையும் சொல்லிக் கொடுக்கிறேன். ருசி வருமா என்று இன்னும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. வந்தால் அம்மனுக்கு நன்றி சொல்வேன். வராவிட்டாலும் நன்றி சொல்லாமல் விட மாட்டேன்.

துன்பத்தில் இருக்கிறவர்களே, அவளிடம் கேளுங்கள். கோபமாகக்கூடக் கேளுங்கள், அவள் தாய், தாங்கிக்கொள்வாள். கேட்டது கிடைக்கவில்லை என்று உடனே திரும்பிப் போய்விடாதீர்கள். பின்னால் யாராவது உங்களைக் கூப்பிடுகிறார்களா என்று கொஞ்சம் நின்று பாருங்கள்.

மல்லிகாவின் மாக்கட்டு எப்போதோ கழற்றியாயிற்று. ஆனாலும் வெள்ளிக்கிழமை என்றால் இப்போதும் நான்தான் பொங்கல் வைக்கிறேன். கலஹா பஸ் ஏறி வாருங்கள். பூசை முடிந்ததும் ஒரு கை வாங்கிச் சாப்பிட்டு, எப்படி இருக்கிறது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.