சாயா குடிச்சிட்டு வாங்க

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. மைக் முன்னால் நின்ற பிலோமினா அந்த உதடுகளையே பார்த்தாள். என்ன பேசிக்கொள்கிறார்கள்? தன்னைப் பற்றித்தானா?

கொச்சியின் ஸ்டுடியோக்களில் பிலோமி சேச்சியைத் தெரியாதவர் இல்லை. வெளியே ஒருவருக்கும் தெரியாது. அவள் டிராக் பாடுகிறவள். பெரிய பாடகிகள் மெட்டைப் பிடித்துக்கொள்ள முதலில் இவள் பாடிவைப்பாள். அவர்கள் வந்து பாடியதும் இவள் குரலை அழித்துவிடுவார்கள். பஸ்ஸில் அந்தப் பாட்டைக் கேட்கும்போது, 'இங்க மூச்சு வாங்குறது என் வழியாக்கும்' என்று தனக்குள் சிரித்துக்கொள்வாள். கணவன் சேவியர் போய்ச்சேர்ந்த பிறகு மகளை நர்சிங் படிக்க வைப்பது இந்த அழிந்துபோகும் குரல்தான்.

அந்தக் குரல் வரும் கழுத்தில்தான் கட்டி வந்தது. அறுத்து எடுத்த டாக்டர், "குரல் பழையபடி வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தழும்பின்மேல் பட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு இன்றுதான் மறுபடி மைக் முன்னால் நிற்கிறாள்.

பல்லவி வந்துவிட்டது. சரணத்தின் உச்சியில் குரல் நூல் அறுந்தாற்போல் நின்றது.

ஹெட்போனில் சொடக்கென்ற ஒலி. "பரவால்ல சேச்சி, இன்னொரு வாட்டி," என்றான் ஒலிப்பதிவாளன் பெனடிக்ட்.

மறுபடியும் அறுந்தது.

அந்த ஸ்டுடியோவில் எந்தப் பாடகியிடமும் 'உன்னால் முடியவில்லை' என்று சொல்வதில்லை. 'சாயா குடிச்சிட்டு வாங்க' என்பார்கள். குடித்துவிட்டு வந்தால் மைக் முன்னால் வேறொருத்தி நிற்பாள். முன்பொரு நாள் ரோசிலி என்ற பாடகி அப்படித் திரும்பி வந்து கதவருகே விக்கித்து நின்றபோது, மைக் முன்னால் நின்ற வேறொருத்தி பிலோமினாதான். இன்று வெளி சோபாவில் ஒரு இளம் பெண் முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்ததை வரும்போதே பார்த்திருந்தாள்.

கண்ணை மூடி முணுமுணுப்பாக வேண்டினாள்.

"மாதாவே, அந்த ஒரு இடத்தை மட்டும் குடுத்துரு. ஆபரேஷன் பண்ணது இவங்களுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா நாளைக்கு யாரு கூப்பிடுவா? எம்புள்ள படிப்பு..."

கண்ணைத் திறந்தாள். பெனடிக்ட் அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இசையமைப்பாளர் திவாகரன் மாஷ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போதுதான் உறைத்தது. அவர்கள் பேச்சு இங்கே கேட்கப் பொத்தானை அழுத்த வேண்டும். ஆனால் பாடுகிறவளின் மைக் எப்போதும் திறந்தே இருக்கும். ஆயுசெல்லாம் அதன் முன் நின்றவள், பயத்தில் அதை மறந்துபோனாள்.

உதடுகள் அசைந்தன. நீண்ட நேரம் அசைந்தன. பிறகு சொடக்கென்றது.

"சேச்சி, ஒரு சாயா குடிக்கலாம்."

ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டிவிட்டுக் கதவுக்குப் போனாள். கதவு அவளுக்கு முன்பே திறந்தது. கையில் பிளாஸ்கிலிருந்து ஊற்றிய, பால் விடாத கட்டன் சாயாவோடு பெனடிக்ட்.

"எங்க கிளம்பிட்டீங்க? இங்கயே குடிங்க."

"உள்ள தண்ணிகூடக் கொண்டுவரக் கூடாதுன்னு நீதானேடா கத்துவே?"

"இன்னைக்கு நானே குத்தவாளி. இஞ்சி தட்டிப் போட்டது, சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க."

ஹெட்போனிலிருந்து மாஷின் குரல் சன்னமாகக் கசிந்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"பிலோமி, கழுத்துல இருக்கிற துணிய அவிழ்த்துரு. மைக்ல சரசரங்குது. மேல ஏறுற இடத்தைக் கீழயே பாடு. நீ வழி காட்டு போதும், மேல ஏறுறது பின்னாடி பாட வர்ற அம்மாவோட பாடு."

"அதுவும் வரலேன்னா, மாஷே?"

"வரலேன்னா இன்னொரு சாயா. அதுவும் அங்கேயேதான்."

பிலோமினா அழுதாள், மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அழுதாள். பட்டுத் துணியை அவிழ்த்தாள். குளிர்ந்த காற்று தழும்பில் பட்டதும் உடம்பு சிலிர்த்தது. பெனடிக்ட் தன் இடத்துக்குத் திரும்பியதும் இசை தொடங்கியது. அந்த இடம் நெருங்கியது. கீழே பாடினாள். குரல் நடுங்கியது, அறுபடவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருடைய உதடும் அசையவில்லை.

சொடக்கென்றது.

"அடுத்த வரி, சேச்சி."