சிவப்புக் காருக்கு விலை எழுதிய விமலாக்கா

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தபோது விமலாக்காவின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்கம்மா" என்றார். வாசலில் டிராக்டருக்கு மதிப்பீடு வாங்க நல்லூரிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு அக்கா வரமாட்டார் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். நாளைக்கு வரவா என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டேன்.

விருத்தாசலத்தில் பழைய வண்டி வாங்கி விற்ற எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். வண்டியைப் பார்த்து, இன்ன விலை பெறும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் அவரிடம் இரண்டு வருடம் டைப் அடித்தேன். வண்டியில் பொறித்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பதும் நான்தான். ஆட்களிடம் பேச நான் கூச்சப்படுவேன். "பேசறதுக்கு நான் இருக்கேன், நீ நம்பர பாரு" என்பார்.

ஒருமுறை கம்மாபுரத்துக்காரர் ஒருவர் தன் பைக் புதுசு மாதிரி இருக்கிறது என்று விடாமல் வாதாடினார். "மாதிரிக்கு வெல போட எனக்குத் தெரியாதுங்க" என்றார் அக்கா. வாதாடியவரே சிரித்துவிட்டார்.

கடைசி வருடம் டயாலிசிஸ் முடிந்து நேரே வேலைக்கு வருவார். அப்படி வந்த ஒரு நாளில்தான் அந்தக் காரைப் பார்க்கப் போனோம். பீங்கான் பொம்மை செய்யும் தொழிற்சாலையின் ஷெட்டில், முதலாளியின் அப்பா வாங்கிய, இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். தொழிற்சாலையில் சூளை நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது. காரை விற்றுச் சூளையைச் சரிசெய்வதாக முதலாளி சொல்லியிருந்தார். அங்கே பொம்மைகளுக்குப் பிசிறு சீவும் வேலை செய்த என் அம்மா அதை நம்பித்தான் வீட்டில் இருந்தாள்.

வாங்க வந்தவர் புதுச்சேரிக்காரர். காரோடு வந்த என்ஜின்தான் என்று அக்கா எழுதினால் கேட்ட விலை, இல்லையென்றால் பாதி. என்ஜினில் எண் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் எதுவும் இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் எண் எழுதிய பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. அவ்வளவு பழைய பதிவு வேறெங்கும் கிடைக்கவில்லை.

"எங்கப்பா வேற என்ஜின் வெக்கவே இல்லீங்க. அவரு பொய் சொல்லுவாரா?" என்றார் முதலாளி.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "உங்கப்பாவ நான் நம்புறேங்க. ஆனா இத வாங்குறவரு என் கையெழுத்தயில்ல நம்புவாரு. அவருக்கு உங்கப்பாவத் தெரியாதே."

திரும்பும் வழியில், அது மாற்றாத என்ஜின் என்றுதான் தனக்கும் தோன்றுகிறது என்றார். அப்படியென்றால் எழுதலாமே என்று கேட்டேன். அவரை எதிர்த்து நான் கேட்டது அது ஒன்றுதான். "தோணுறதுக்கெல்லாம் சீல் குத்த முடியுமாம்மா?" என்றார்.

அலுவலகத்துக்கு வந்ததும், டைப் அடிக்கக் குறிப்பைக் கொடுத்துவிட்டு அக்கா நாற்காலியிலேயே கண்ணை மூடிக்கொண்டார். 'என்ஜின் காருடன் வந்ததே என உறுதிசெய்ய ஆவணம் இல்லை' என்று அதில் ஒரு வரி. அதை மாற்றி அடித்தால் அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்று நினைத்தேன். பிறகு உள்ளபடியே அடித்தேன். தாளை நீட்டியதும் அக்கா பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

"படிக்கலியாக்கா? எங்கம்மா அங்கதான்..."

"தெரியும். நீதானே அடிச்ச" என்று சீல் குத்தினார்.

கார் பாதி விலைக்குப் போனது. அந்தப் பணம் போதாமல் சூளை அப்படியே கிடக்கிறது. அம்மா இப்போது முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாள். ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பொம்பளைக்கு என்ன குறைந்திருக்கும் என்று இன்றும் கேட்கிறாள். சாவுக்கும் வரவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, படிக்காமல் போட்ட அந்தக் கையெழுத்துதான். அதற்கு மேலே இருந்த வரியை அடித்தவள் நான் என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.