பின்னால் போகாத வகுப்பு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்தாம் வகுப்பில் வரும் தூக்கத்தை ரூக்ஸார் டீச்சர் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொள்வாள். தேர்வுக்கு முந்தைய வாரம் பாடங்களைத் திரும்பப் படிக்க மற்ற ஆசிரியர்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. ஒருவன் எழுந்து வாசிப்பான், மற்றவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். ரூக்ஸாரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

முதலில் கபடியை வைத்தாள். 'கபடி கபடி' என்பதற்குப் பதில் ஆறுகளின் பெயர்களை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போக வேண்டும். சக்திவேல் 'காவேரி காவேரி' என்று ஒரே ஆற்றை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு முழுவதையும் தொட்டுவிட்டு வந்தான். ஒரு பெஞ்சு உடைந்தது. சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் ஆதிமூலம் வந்தார். அவர் கணக்கு வாத்தியாரும்கூட.

"என்ன டீச்சர் இது?"

"ரிவிஷன் சார்."

"பெஞ்சு ஒடையற அளவுக்கா?" உடைந்த காலை எடுத்துப் பார்த்தார். "அடுத்த வாரம் சோஷியல் டெஸ்ட்டு. பாதி பேராவது தேறலன்னா உங்க வெள்ளிக்கிழமை கடைசி பீரியட எனக்குக் குடுத்துடுங்க. நான் கணக்கு போட வெக்கிறேன்."

ஆட்டம் நடப்பது அந்த ஒரு பீரியடில்தான். சக்திவேல் தவறாமல் பள்ளிக்கு வருவதும் வெள்ளிக்கிழமை மட்டும்தான். டெஸ்ட் முடியும்வரை மற்ற பீரியடிலும் ஆடிக்கொள்ள ரூக்ஸார் அனுமதி கேட்டாள். "பெஞ்சு ஒடையாம ஆடுங்க" என்றார் ஆதிமூலம்.

ரூக்ஸாரின் அப்பா காசிமுக்குத் தேரடித் தெருவில் செருப்புக் கடை. பௌர்ணமிக்கு ஊரே நிரம்பி வழியும், கிரிவலமாக மலையைச் சுற்றுகிறவர்கள் வெறுங்காலில் நடப்பார்கள். கடையில் ஈ ஆடும். மறுநாள் காலையில், செருப்பைத் தொலைத்தவர்கள் எல்லாரும் காசிமிடம் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு யோசனை வந்தது.

திங்கட்கிழமை பெஞ்சுகளை வெளியே தள்ளிவிட்டு, வகுப்புத் தரையில் சாக்பீஸால் மலையை வரைந்தாள். சுற்றிலும் பாதை, பாதையில் எட்டு லிங்கம், லிங்கத்துக்கு ஒரு பாடம். இந்திர லிங்கத்துக்கு ஏகாதிபத்தியம். அக்னிக்கு முதல் உலகப் போர், எமனுக்கு இரண்டாம் உலகப் போர். நிருதிக்கு எது பொருந்தும் என்று தெரியாமல் அரசியலமைப்பை வைத்தாள். வருணனுக்கு நீர்வளம், வாயுவுக்குக் காலநிலை, குபேரனுக்குப் பொருளியல். கடைசியாக ஈசான்யத்துக்கு வேலூர்க் கலகம். பிள்ளைகள் யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார்கள்.

சரியான பதிலுக்கு ஒரு லிங்கம் முன்னால். தப்பான பதிலுக்கு இரண்டு லிங்கம் பின்னால்.

முதலில் தப்பாகச் சொன்னது வகுப்பில் கெட்டிக்காரியான வினோதினி. வருண லிங்கத்தில் மாட்டிக்கொண்டாள்.

"ரெண்டு பின்னாடி போ."

வினோதினி அசையவில்லை.

"என்னடி, கால் வலிக்குதா?"

"இல்ல மிஸ். பின்னாடி போகக் கூடாது."

"யாரு சொன்னது?"

"யாருமே போக மாட்டாங்க மிஸ். மலைய வலமாத்தான் சுத்தணும்."

"இது மலை இல்லடி. சாக்பீஸு."

எல்லாரும் குனிந்து சாக்பீஸைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது மலையாகத்தான் தெரிந்தது.

"மிஸ் மட்டும் தெனம் டவுன்லேருந்து கிரிவல ரோட்டுல ஸ்கூட்டில ரிவர்ஸ்லதான் வராங்க" என்றான் சக்திவேல்.

"அவங்க வேலைக்கு வராங்கடா. நாம சுத்தறோம்" என்றாள் வினோதினி.

பாம்பும் ஏணியும் ஆட்டத்தின் சட்டத்தை இந்த ஊர்ப் பாதையில் போட்டது தன் தப்பு என்று ரூக்ஸாருக்கு உறைத்தது. பிறந்து வளர்ந்தது இதே ஊரில். வெட்கமாக இருந்தது.

"சரி. தப்பா சொன்னா என்னதான் பண்றது?"

"அன்னதானத்துல ஒக்கார வெச்சிடுங்க மிஸ்" என்றான் சக்திவேல்.

நியாயமாகப் பட்டது. ஒரு மூலையில் கட்டம் போட்டு அன்னதானம் என்று எழுதினாள். தப்பாகச் சொன்னவர் ஒரு சுற்று அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆட்டம் ஆட்டமாக இருக்கட்டும் என்று மறுநாள் வீட்டிலிருந்து அவித்த வேர்க்கடலை, ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்து அந்த மூலையில் வைத்தாள்.

அன்று யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

"தமிழ்நாட்டுக்குத் தலைநகரம் எதுடா?"

"ஆரணி மிஸ்" என்று சொல்லிவிட்டு சக்திவேல் தானே போய் உட்கார்ந்தான். வினோதினி இரண்டாம் உலகப் போரை இந்தியாவும் இலங்கையும் போட்டதாகச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மலையைச் சுற்ற ஆளில்லை. மூலையில் இடமில்லை.

"நகந்து குந்துடா. மல்லாட்டை கம்மியாத்தான் இருக்குது."

புதன்கிழமை சட்டம் மாறியது. சரியாகச் சொன்னவர் சாப்பிடலாம், தப்பாகச் சொன்னவர் பரிமாற வேண்டும். அதன்பிறகு ஆட்டம் பிடித்துக்கொண்டது. சக்திவேல் நிரந்தரப் பரிமாறுகிறவன் ஆனான். பரிமாறுகிறவர்கள் கடைசியில் சாப்பிடுவதுதான் வழக்கம் என்று சொல்லித் தூக்கை வீட்டுக்கு எடுத்துப் போனான்.

டெஸ்ட் நாள் காலையில் குழாயடியில் வினோதினி எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். "ஆட்டத்துல எப்படியோ அப்படியே எழுதணும். யாராவது மாத்துனீங்க, எல்லாருக்கும் வெள்ளிக்கிழமை பீரியடு போயிடும்." காதில் விழுந்தபோது ரூக்ஸாருக்குப் பெருமையாக இருந்தது.

நம்பிக்கை இல்லாததால் ஆதிமூலமே கண்காணிக்க வந்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் வேகமாக எழுதினார்கள். நேரம் நிறைய மிச்சம் இருக்கும்போதே ஒவ்வொருவராகப் பேனாவை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஆதிமூலம் ரூக்ஸாரைப் பார்த்துச் சிரித்தார்.

ரூக்ஸார் வினோதினியின் தாளை எட்டிப் பார்த்தாள். நடுவில் பாதிப் பக்கம் காலி.

"இத ஏன் எழுதல?"

"அப்ப ஞாபகம் வரல மிஸ்."

"இப்ப?"

"இப்ப வந்துடுச்சு."

"அப்ப எழுதேன்டி."

"தாண்டி வந்துட்டேன் மிஸ்" என்றாள் வினோதினி பாவமாக.

ரூக்ஸார் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லாத் தாளிலும் ஓட்டை. தெரிந்தவற்றை எழுதிவிட்டு, தெரியாததைத் தாண்டி, முடிவுக்கு வந்து நின்றிருந்தார்கள். ஒருவரும் திரும்பிப் போகவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கண்ணெதிரே ஆதிமூலத்தின் நாற்காலியை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

திரும்பிப் போய் எழுதுங்கள் என்று அவள் சொல்லலாம். வினோதினி பேசிய பேச்சுக்குப் பிறகு எவரும் போக மாட்டார்கள். அவள் வகுப்பின் நடுவில் வந்து நின்றாள்.

"ஈசான்ய லிங்கம் தாண்டினா அப்பறம் எங்க போவாங்க?"

"ஊட்டுக்கு மிஸ்" என்றான் சக்திவேல்.

"ஊட்டுக்குப் போகாம இன்னொரு சுத்து சுத்தறவங்க கெடையாதா?"

"எங்க பெரியப்பா மூணு சுத்து சுத்துவாரு மிஸ்."

"அவரு மறுபடியும் இந்திர லிங்கத்துக்கு வரும்போது பின்னாடி நடந்தா வராரு?"

வினோதினி தாளை மூடினாள். கவிழ்ந்து கிடந்ததை நிமிர்த்தி, முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். வகுப்பே அப்படிச் செய்தது. ஒருவர்கூடப் பின்னால் புரட்டவில்லை.

"எக்ஸாம் ஹால்ல என்ன டீச்சர் கிரிவலப் பேச்சு?" என்றார் ஆதிமூலம்.

"பதில் எதுவும் சொல்லல சார். வழிதான் சொன்னேன்."

பாதிக்கு மேல் தேறினார்கள். சக்திவேல் தேறவில்லை. ஆனால் பெரியப்பாவைப் போல மூன்று சுற்றும் சுற்றியிருந்தான். முதல் கேள்விக்கு மூன்று பதில் எழுதியிருந்தான். மூன்றும் வேறு வேறு.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ரூக்ஸாரிடமே இருந்தது. பாதை வரைந்து முடித்தபோது ஆதிமூலம் வாசலில் நின்றார்.

"டீச்சர், இந்த ரோட்டுல கணக்கு போகுமா?"

"கூட்டல் போகும் சார். கழித்தல் வந்தா பின்னாடி போகணும். வினோதினி ஒத்துக்க மாட்டா."

ஆதிமூலம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு லிங்கந்தானே?"

"எட்டுதான் சார்."

"அப்ப ரெண்டு கழிக்கணும்னா ஆறு முன்னாடி போகட்டும். அதே எடத்துக்குத்தான் வரும்."

அவர் உள்ளே வந்து வருண லிங்கத்தில் நின்றார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தார். வாயு, குபேரன், ஈசான்யம், இந்திரன், அக்னி. எம லிங்கத்தில் வந்து நின்று, வியர்வையைத் துடைத்தபடி நிமிர்ந்தார்.

"கரெக்டா வந்துச்சா?"

"வந்துச்சு சார்" என்றாள் வினோதினி. "ஆனா செருப்பு போட்டுக்கினு சுத்துனீங்க. செல்லாது."

ஆதிமூலம் ரூக்ஸாரைப் பார்த்தார். ரூக்ஸார் அவருடைய செருப்பைப் பார்த்தாள். அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மறுபடியும் வருண லிங்கத்திலிருந்து தொடங்கினார்.