கொழுந்து கிளறும்போது நின்ற பெட்டி

இதை எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான் படித்தேன். கண்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் தேத்தண்ணி ஊற்றுகிறேன், மேசை துடைக்கிறேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவே கூச்சப்படுகிறவள். கம்ப்யூட்டர் படித்தவர்கள் இதில் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கம்பெனி தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு ஒரு பெட்டி செய்து விற்கிறது. தொழிற்சாலை மேல்மாடியில் பச்சைக் கொழுந்தை நீளமான தட்டுகளில் பரப்பி, கீழிருந்து காற்றாடி வைத்து வாட்டுவார்கள். கொழுந்துக்கு நடுவே ஒரு வயர் தொங்கும். அதன் நுனி ஈரத்தைப் பார்த்துச் சொல்லும். அதைக் கேட்டுப் பெட்டி காற்றாடியைக் கூட்டும், குறைக்கும். பெட்டிக்குள் இருப்பது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் தனியாக எழுதியவர் எங்கள் மிஸ். முஸ்லிம் பிள்ளை, என் மகள் வயதுதான் இருக்கும்.

புசல்லாவைப் பக்கம் ஒரு தொழிற்சாலை ஆறு பெட்டி வாங்கியது. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு பெட்டி அப்படியே உறைந்து நின்றுவிடும். காற்றாடி நின்றால் கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும். இன்னொரு தடவை நின்றால் ஆறையும் திருப்பி அனுப்புவோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்படித் திரும்பி வந்தால் பெட்டி வேலையையே மூடிவிடுவேன் என்றார் முதலாளி. பெட்டி வேலை என்றால் மிஸ்தான். வேறு ஆள் கிடையாது.

மிஸ்ஸின் மேசையில் வயரும் ஒரு சின்னக் காற்றாடியும் மாட்டி வைத்திருந்த பெட்டியோ பதினொரு நாளாக நிற்காமல் ஓடியது.

"பேய் பிடிச்ச பெட்டியை எல்லாம் அங்க அனுப்பிட்டு, நல்லதை நீங்க வச்சுக்கிட்டீங்களா?" என்றார் முதலாளி. "ஒரு தேங்காய் உடைச்சுப் பாப்போமா?"

மிஸ் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் தேத்தண்ணி வைக்கப் போனேன். மிஸ் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நானும் கொஞ்சம் நின்றுவிட்டேன்.

"என்ன அக்கா பாக்குறீங்க? உங்களுக்காவது ஏதாவது வெளங்குதா?" என்றவர், என்ன நினைத்தாரோ, சொல்லத் தொடங்கினார்.

கம்ப்யூட்டருக்குள் கேர்னல் என்று ஒன்று இருக்கிறதாம். மற்ற எல்லா வேலைக்கும் அதுதான் தலை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வேலையும் அதனிடம் போய், இவ்வளவு நேரம் கழித்து என்னைக் கூப்பிடு என்று அலாரம் மாதிரி ஒரு மணி வைக்கச் சொல்லுமாம். ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான மணிகள். சில அடிக்கும். சில அடிக்கும் முன்பே வேண்டாம் என்று எடுக்கப்படும். மிஸ் இப்போது மேசைப் பெட்டியின் கேர்னலுக்குள் மட்டும் ஒரு காவலைப் போட்டிருந்தார். இந்த மணி செய்யப்பட்டுவிட்டதா, வைக்கப்பட்டுக் காத்திருக்கிறதா, அடித்து ஓய்ந்ததா, கலைக்கப்பட்டதா என்று அந்தக் காவல் குறித்துக்கொண்டே இருக்கும். பொருந்தாத நிலையில் யாராவது ஒரு மணியில் கை வைத்தால் உடனே சத்தம் போடும்.

"எல்லாத்தையும் ஒன்னு ஒன்னாவா பாத்துக்கிட்டு இருக்கும்?"

"ஒன்னு விடாம, அக்கா."

அடுப்பில் வைத்த பாலையே மறந்துவிடுகிறவள் நான். உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் பலகைக்குள், யாரும் பாராத இடத்தில், ஒன்று இத்தனை மணிகளையும் அதனதன் நிலையோடு மனதில் வைத்திருக்கிறது. கோயிலுக்குள் நிற்கிற மாதிரி நின்றேன்.

"அப்ப ஏன் மிஸ் அது சத்தம் போடல?"

"இங்க பிழை ஒன்டும் நடக்கல்லயே. அங்க என்னமோ நடக்குது. கேட்டா, நாங்க பெட்டியத் தொடவே இல்லன்டு சொல்றாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணத்துக்கு முன்பு நாலு வருடம் அப்படி ஒரு மேல்மாடியில் வேலை செய்தவள் நான். ஆனால் உள்ளே போய்க் கோப்பைகளைக் கழுவினேன். கழுவிய கோப்பைகளை இன்னொரு தடவையும் கழுவினேன். பிறகு திரும்பி வந்தேன்.

"மிஸ், கொழுந்து கிளறும்போது அந்த வயரைக் கழட்டிருவாங்க."

"யார் சொன்ன?"

"யாரும் சொல்ல மாட்டாங்க. நானா இருந்தாலும் கழட்டுவேன். கொழுந்தைக் கையால கிளறணும், வயர் கையில சிக்கும். கிளறி முடிச்சதும் மாட்டிருவோம்."

"தொடவே இல்லன்டாங்களே!"

"பெட்டியைத் தொட்டீங்களான்னு கேட்டா, இல்லைன்னுதானே சொல்லுவாங்க. அவங்க தொட்டது வயரை."

மிஸ் என்னையே பார்த்தார். "யா அல்லாஹ்! நீங்க எப்படிக் கழட்டுவீங்களோ அப்படியே கழட்டுங்க அக்கா."

கழற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. மாட்டினேன், கழற்றினேன். எத்தனையோ தடவை அப்படிச் செய்த பிறகு, திரையில் மளமளவென்று வரிகள் கொட்டின. மிஸ் எழுந்து நின்றுவிட்டார்.

வரிகளைப் படித்துவிட்டு மிஸ் சொன்னது இது: வயரைக் கழற்றியதும் கம்ப்யூட்டருக்குள் அதற்கு ஒதுக்கிய இடத்தை அவர் எழுதியதே கலைத்துவிடுகிறது. அந்த இடத்துக்குள் ஒரு மணி இன்னும் அடிக்காமல் காத்திருந்ததை யாரும் எடுக்கவில்லை. நேரம் வந்ததும் கேர்னல் மணி அடிக்கப் போகும். அங்கே இடமே இருக்காது. அதில்தான் எல்லாம் உறைந்தது. மணி காத்திருக்கும் அந்தக் கண நேரத்தில் கழற்றினால் மட்டும்தான் இது நடக்கும். அதனால்தான் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை.

நான் இன்றும் வியப்பது வேறு ஒன்றை. காவல் இல்லாத புசல்லாவைப் பெட்டிகள் மாதிரி, இந்தத் தடவை பெட்டி நிற்கவில்லை. காவல் எந்த மணி என்று பேர் சொல்லிச் சத்தம் போட்டது. அதோடு நிற்காமல், அந்த மணியைத் தானே எடுத்தும் விட்டது. மேசையில் காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் காற்று என் முகத்தில் பட்டது.

இடத்தைக் கலைக்கும் முன்பே மணியை எடுக்கும்படி மிஸ் ஒரே ஒரு வரி சேர்த்தார். அலுவலகம் மூடும்வரை நான் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தேன். பெருவிரல் வலித்தது. சத்தம் வரவே இல்லை.

"தேங்காய் மிச்சம்," என்றார் முதலாளி.

மறுநாள் மிஸ் பஸ்ஸில் புசல்லாவைக்குப் போய் ஆறு பெட்டியையும் சரி செய்துவிட்டு, பின்னேரம் நாலு மணிக்குத் திரும்பி வந்தார். நான் தேத்தண்ணி வைத்தேன்.