நீரஜா ‘போலி’ என்று எழுதிக் கொடுத்த கையெழுத்து

மயிலாப்பூர் சித்திரக்குளத்தருகே குடியிருந்த நீரஜாவுக்கு வங்கியில் வேலை. காசோலையில் இருக்கும் கையெழுத்தை வங்கியிலுள்ள மாதிரியோடு ஒப்பிட்டு, சரி அல்லது சரியில்லை என்று சொல்வாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு கள்ளக் கையெழுத்தும் போனதில்லை என்று கிளையில் பேச்சு. அவளும் அதை நம்பியிருந்தாள்.

அந்தப் பெயர் தி. நகர் வரைக்கும் போயிருந்தது. பிரபலங்களின் கையெழுத்துகளைச் சேகரிக்கிற சிலர், ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜரத்தினத்தின் ஜவுளிக்கடை மாடியில் கூடுவார்கள். நீரஜா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அசல்தானா, என்ன விலை பெறும் என்று சொன்ன பிறகுதான் அங்கே எதுவும் கைமாறும்.

எழுபத்து நாலாம் வருடக் கோடையில் ராஜரத்தினம் ஒரு பழைய புகைப்படத்தை அவள் முன்னால் வைத்தார். நொச்சிக்குப்பத்துக் குத்துச்சண்டைக்காரர் லூர்துசாமி. ‘இடிக்கை’ லூர்துசாமி என்றால் இருபது வருடத்துக்கு முன்பு பட்டணத்தில் தெரியாதவர் கிடையாது. நாசரேத்திலிருந்து பிழைக்க வந்த புதிதில் ராஜரத்தினம் அவருடைய பந்தயம் ஒன்றைக்கூட விட்டதில்லை. படத்தின் கீழே நீல மையில் கையெழுத்து.

“அவரு மச்சினன் குப்பன்தான் வித்தான். நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா.”

சேகரிப்பிலிருந்த லூர்துசாமியின் பழைய கையெழுத்துகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவை ஒரே வீச்சில் போட்டவை. கடைசி எழுத்தின் வால் சாட்டை மாதிரி நீண்டிருக்கும். இதிலோ ஒவ்வொரு எழுத்திலும் பேனா நின்றிருந்தது. நின்ற இடத்தில் மை தேங்கியிருந்தது. கோடெல்லாம் ஆட்டம்.

“தன் பேரை எழுதறச்சே யாராவது நின்னு நின்னு யோசிப்பாளா? இது எழுதினது இல்லே சார், பார்த்துப் பார்த்து வரைஞ்சது. போலி.”

ராஜரத்தினத்தின் முகம் சிவந்தது. “எழுதித் தாங்க” என்றார். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அதோடு மறந்தும் போனாள்.

அந்த வாரமே ஒரு நாள் காலையில், வங்கிக்கு ஒரு போலீஸ்காரர் வந்து அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார். போனால், கம்பிக்குப் பின்னால் ஒரு ஆள் உதடு வீங்கி உட்கார்ந்திருந்தான். குப்பன். அவள் எழுதிய தாள் இன்ஸ்பெக்டர் மேஜைமேல் கிடந்தது.

“லாக்கப்பா? ஒரு கையெழுத்துக்காகவா?” என்றாள் நீரஜா.

“மோசடின்னு புகார். நீங்கதானே மேடம் எழுதிக் குடுத்திருக்கீங்க?”

மூலையில் நின்ற ராஜரத்தினம் அவளைப் பார்க்காமலே சொன்னார். “மிரட்டி விடுவாங்கன்னு நெனச்சேன். அடிப்பாங்கன்னு நெனைக்கலை.”

அப்போது ஒரு பெண், ஆஜானுபாகுவான ஒரு மனிதரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். அவர் சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. வலது கை ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. யாரென்று நீரஜாவுக்குத் தெரியவில்லை. ராஜரத்தினத்துக்கு மட்டும் தெரிந்தது.

“லூர்துசாமி…”

“யாரு போலின்னு எய்தினது?” என்றாள் அவர் மனைவி கெங்கம்மா.

“நான்தான்.”

“ஏம்மா, என் தம்பிக்கு பேனாவே புடிக்கத் தெரியாது. அவன் இன்னாத்த போலி போடுவான்? இவரு போட்டதும்மா அது. வூட்ல குந்திக்கினு, வேர்த்து வேர்த்து போட்டாரு.”

“அப்ப இங்க போடச் சொல்லு, பார்ப்போம்” என்று இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார்.

லூர்துசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பேனா தாளைத் தொட்டதும் துள்ளியது. ‘லூ’ என்று எழுதவே நெற்றியில் வேர்த்துவிட்டது. நிறுத்தி, மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்பால இன்னா?”

“ர், நைனா. ர் போடு.”

நீரஜா தாளின்மேல் குனிந்தாள். அவர் பேனா நின்ற இடங்கள் எல்லாம் புகைப்படத்தில் நின்ற அதே இடங்கள். மை தேங்கிய இடங்களும் அவையே. பூதக்கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. ஒரு மனிதன் தன் பெயரையே பார்த்துப் பார்த்து வரைய வேண்டிவரும் என்று, இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றியதில்லை.

“மண்டைல வாங்கின குத்தெல்லாம் இப்பதான் வேலைய காட்டுதுன்னு ஆஸ்பத்திரில சொல்ட்டாங்க” என்றாள் கெங்கம்மா.

ராஜரத்தினம் அழுதுகொண்டே அவர் கையைப் பிடிக்க நெருங்கினார். சட்டென்று லூர்துசாமி எழுந்து, இரண்டு முஷ்டிகளையும் முகத்துக்கு நேராகத் தூக்கினார். அந்தக் கைகளில் இப்போது துளி நடுக்கம் இல்லை. கெங்கம்மா தோளைத் தொட்டு, “ஒண்ணுமில்ல, நம்ம ஆளுதான்” என்ற பிறகு மெல்ல இறங்கின. இறங்கியதும் வலது கை மறுபடி ஆடத் தொடங்கியது.

புகார் அங்கேயே திரும்பப் பெறப்பட்டது. தான் எழுதிய தாளின் கீழ் நீரஜா, ‘நான் சொன்னது தவறு, கையெழுத்து அசல்’ என்று எழுதினாள். வெளியே வந்த குப்பனிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

“வுடும்மா. மாமா போட்டத மொதல்ல பாத்தப்ப நானே நம்பல” என்றான் அவன், வீங்கிய உதட்டைத் துடைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் எல்லோருக்கும் அதே பேச்சு. “நடுங்கின கையெழுத்துன்னா பாதி விலைதானே போகும்?” என்று ஒருவர் கேட்டார். ராஜரத்தினம் படத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். நீரஜா படியிறங்கினாள்.

மறுநாள் வங்கியில் அவள் மேஜைக்கு முதலில் வந்தது, ராஜகோபாலன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியரின் காசோலை. கையெழுத்து கோணிக்கொண்டு, விட்டுவிட்டு ஓடியிருந்தது. போன மாதமும் இவருடைய காசோலையை அவள்தான் ‘பொருந்தவில்லை’ என்று திருப்பியிருந்தாள். அதற்கு முந்தின மாதமும். அவர் அந்த மாதங்களை எப்படிக் கழித்தார்? இவர் ஒருவர்தானா? வேறு யார் யார்?

பியூனைக் கூப்பிட்டு, அவர் வீடு எங்கே என்று கேட்டாள். அடையாறில் என்றான். நீரஜா பூதக்கண்ணாடியை மேஜையிலேயே வைத்துவிட்டு, மேனேஜரிடம் அனுமதி கேட்க எழுந்தாள்.