சாத்திய கதவு

கொல்லிமலையில் எங்கள் ஆஸ்பத்திரியில் கதவைச் சாத்தி வைத்தியம் பார்த்து யாரும் கண்டதில்லை. டாக்டர் உள்ளே கேள்வி கேட்டால் வெளியே பெஞ்சில் இருப்பவர்கள்கூடப் பதில் சொல்வார்கள். கீழேயிருந்து மாற்றலாகி வந்த புது டாக்டரம்மா முதல் நாளே கதவைச் சாத்தச் சொன்னார். "உங்க நோய் உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும். அது உங்க உரிமை" என்றார்.

பெஞ்சில் இருந்த எங்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாதவளுக்குக் கதவு எதற்கு? மிளகுத் தோட்டத்துக்காரி ஒருத்தி உள்ளே போய் வெகு நேரம் வரவில்லை. ஆளுக்கொரு நோயை அவள் தலையில் கட்டினோம். அவள் வெளியே வந்ததும், "ஏனுங்க, என்னவாமுங்க?" என்று நானே கேட்டேன்.

"சளிதானுங்க."

சளிக்கா இவ்வளவு நேரம்? நான் நம்பவில்லை.

அடுத்து என் முறை. மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டுத்தான் வந்திருந்தேன். கதவைச் சாத்தியதும் வெளியே பேச்சு குசுகுசுப்பாகத் தாழ்ந்தது. "எதையும் மறைக்காம சொல்லணும், அது உங்க பொறுப்பு" என்றார் டாக்டரம்மா. என் காது கதவிலேயே இருந்தது. இந்நேரம் அவர்கள் எனக்கும் ஒரு நோயை முடிவு செய்திருப்பார்கள்.

"சளிதானுங்க" என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் அவள் இன்னும் நின்றிருந்தாள். இருவருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்தார்கள். பஸ் வரும்வரை பக்கத்துப் பக்கத்தில்தான் நின்றோம். ஒருத்தியும் ஒரு தடவைகூட இருமவில்லை.